தட்டிப் பார்த்து வாங்கிய படகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தட்டிப் பார்க்கத் தெரியும். இதைப் படித்து முடித்த பிறகு நீங்கள் வேறு விதமாக நினைத்தால் அது உங்கள் பாடு. எங்கள் ஊரே அப்படித்தான் நினைக்கிறது, அதற்காக நான் ஒன்றும் இளைத்துப் போய்விடவில்லை.

என் அப்பா திண்டுக்கல்லில் பழக் கமிஷன் கடை வைத்திருந்தார். சிறுமலைப் பலா வந்து இறங்கும் காலத்தில் பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கடைக்குத்தான் போவேன். பலாவை விரல் மடக்கித் தட்ட வேண்டும். 'ணங்' என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் காய், தொடாதே. 'பொத்' என்று அடங்கிய சத்தம் வந்தால் பழம். கட்டைவிரலால் அழுத்தும்போது லேசாக உள்ளே போனால் இன்னும் விசேஷம். பாவாடை சட்டை வயதிலேயே இதில் நான் தேறிவிட்டேன். வாங்க வருகிறவர்கள் அப்பாவை விட்டுவிட்டு, "பாப்பாவத் தட்டச் சொல்லுங்க" என்பார்கள். (அப்பாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், காட்டிக்கொள்ள மாட்டார்.)

இந்தத் தலைக்கனத்தையும் சீரோடு சேர்த்து எடுத்துக்கொண்டுதான் அகரம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். புகுந்த வீட்டில் பூ விவசாயம். சம்பங்கியும் செவ்வந்தியும். வீடு கண்மாயின் இந்தக் கரையில், தோட்டம் அந்தக் கரையில். கண்மாய் வருஷக் கணக்காக வறண்டு கிடந்ததால் நட்ட நடுவில் பாதையே விழுந்திருந்தது. அதில் பைக் ஓட்டிப் பழகித்தான் நான் லைசென்ஸே வாங்கினேன்.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஊரே கரையில் நின்று கும்பிட்டது, நானும் கும்பிட்டேன். கும்பிட்டு நிமிர்ந்த பிறகுதான் எங்கள் பாதை தண்ணீருக்கு அடியில் போனது உறைத்தது. கரை வழியாகச் சுற்றிப் போகலாம் என்றால், மறுகால் தண்ணீர் அந்தப் பாதையையும் அறுத்துவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அருளும் இரண்டு ஆட்களும் நெஞ்சளவுத் தண்ணீரில் பூவைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். சகதியில் கால் புதைந்து ஒருவர் விழுவார், ஒரு மூட்டைப் பூ போகும். தை பிறந்ததும் ஆட்கள் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். கண்மாயில் தண்ணிப் பாம்பு இருக்கிறதாம்.

தை மாதம்தான் எங்கள் ஊர் செபஸ்தியார் திருவிழா. சப்பரத்துக்குப் பூ போடுவது எங்கள் வீட்டு உரிமை. அதுவும் சொந்தத் தோட்டத்துப் பூ. மார்க்கெட்டில் வாங்கிய பூ ஒரு இணுக்குகூடச் சப்பரத்தில் ஏறியதில்லை என்பது என் மாமியாருக்கு வாழ்க்கையிலேயே பெரிய பெருமை. அவருடைய கொழுந்தன் மனைவி, நாங்கள் சின்னத்தை என்று கூப்பிடுகிறவர், இந்தக் கரையிலேயே தோட்டம் வைத்திருக்கிறார். அந்த உரிமை மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஆட்கள் நின்றுபோனதும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, ஒங்களால ஏலலேன்னா சொல்லிருங்க. இந்த வருசம் நாங்க போட்டுக்கிறோம்."

"பாப்போம்" என்றார் அத்தை. சின்னத்தை போன பிறகு அவர் சாப்பிடவே இல்லை. தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷம் விட்டால் உரிமை கை மாறிவிடும், பிறகு திரும்பி வராது. அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேகத்தில்தான் சொன்னேன்.

"ஒரு படகு வாங்குவோம் அத்தை."

மாமா சிரித்தார். அருள் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"படகப் பாத்து வாங்கத் தெரியுமா ஒனக்கு?"

"எல்லாம் தட்டிப் பாத்து வாங்கிருவேன்" என்றேன். (இந்த ஒரு வாக்கியத்தை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள்.)

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பழைய சாமான் கடையில் இரண்டு ஃபைபர் படகுகள் கிடப்பதாக அருளுக்குத் தெரிந்தவர் சொன்னார். எங்கேயோ மூடிப்போன பூங்காவிலிருந்து வந்தவையாம். போனோம். லாரி பாடிகளுக்கு நடுவில் இரண்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று பச்சை. மேலெல்லாம் கீறல், சாயம் உரிந்து, சொறி பிடித்த மாதிரி இருந்தது. இன்னொன்று நீலம். புதிதாகப் பெயின்ட் அடித்து மினுமினுவென்று இருந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். "எனக்குப் படகப் பத்தி ஒண்ணும் தெரியாதுக்கா. லாரின்னா சொல்லுவேன். ரெண்டும் ஒரே வெலதான். புடிச்சத எடுத்துக்கங்க."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ணே. நான் பாத்துக்கிறேன்" என்று முந்தானையைச் செருகிக்கொண்டேன்.

முதலில் பச்சையைத் தட்டினேன். 'ணங்' என்றது. நகர்ந்து நகர்ந்து தட்டினேன். தலையிலிருந்து வால் வரைக்கும் 'ணங்', 'ணங்'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுத்தக் காய்.

அடுத்து நீலம். 'பொத்.' அடடா, அந்தச் சத்தம். எனக்கு அப்பாவின் கடையே கண் முன்னால் வந்தது. இடது பக்கம் தட்டினேன், 'பொத்'. அடிப்பக்கம் தட்டினேன், 'பொத் பொத்'. கட்டைவிரலால் அழுத்தினேன். லேசாக உள்ளே போய்த் திரும்பி வந்தது. பழக்கதோஷத்தில் குனிந்து முகர்ந்தும் பார்த்துவிட்டேன்.

"என்னக்கா மோந்து பாக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"சும்மாதாண்ணே."

அருள் படகைச் சுற்றி வந்து ஓரிடத்தில் உட்கார்ந்தார். "ராணி, இங்கன பாரு. பெயின்டுக்கு அடியில சிலந்தி வல மாதிரி விரிசல் ஓடுது."

"அது அப்படித்தாங்க இருக்கும்" என்றேன்.

"படகுல விரிசல் இருக்கலாமா?"

"ரெண்டயும் தட்டிப் பாத்துட்டேன்ல. நான் சொன்னா எடுங்க."

அருள் என்னைப் பார்த்தார், படகைப் பார்த்தார், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் நினைத்துப் பார்த்திருப்பார். எடுத்துவிட்டார். பழுத்ததைத் தேடி எடுத்த சந்தோஷத்தில் நான் குட்டியானை வண்டியில் படகுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊரில் சந்தனம் தடவி, முன்பக்கம் மாதா படம் ஒட்டி, படகைக் கண்மாயில் இறக்கினோம். அருள் மட்டும் ஏறி மூங்கில் கழியை ஊன்றி ஒரு சுற்று வந்தார். சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. பாரம் ஏற்றாத படகு மிதந்த உயரத்தில் அந்த விரிசல் தண்ணீருக்கு மேலே இருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு ஏதாவது காரணம் சொல்லியிருப்பேன். கரையில் நின்ற சின்னத்தையை நான் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வேன். அதை மட்டும்தான்.

திருவிழா அன்று மத்தியானம் அந்தக் கரைக்குப் போனோம். அத்தையும் வந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், "எம் பூவோட நானும் வாரேன்" என்று ஒரே பிடியாக நின்றார். பறித்து வைத்திருந்த சம்பங்கி, செவ்வந்தி மூட்டைகளை ஏற்றினோம். மூட்டைகளுக்கு நடுவில் அத்தை உட்கார்ந்தார், பின்னால் நான், முனையில் கழியோடு அருள். போகும்போது இருந்ததைவிடப் படகு தண்ணீரில் நன்றாக அமிழ்ந்தது. பாரம் ஏறினால் அமிழத்தானே செய்யும் என்று நினைத்தேன்.

எதிர்க்கரையில் ஊர் கூடியிருந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் வந்து இறங்கி, சும்மா இருக்க முடியாமல் எங்களைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அத்தை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"ராணி, சேல நனையிது."

"கழி ஊன்டுறாருல்ல, தெறிக்குது அத்தை."

"தெறிச்சா மேலருந்துல்ல நனையணும். இது கீழருந்து வருது."

குனிந்து பார்த்தேன். மூட்டைகளுக்கு அடியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. இடது பக்கம், நான் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து மகிழ்ந்த அதே இடம், மூச்சு விடுவது போல உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. பிறகு 'பட்' என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் அப்படியே வாயைத் திறந்துவிட்டது.

அருள் கழியை ஊன்றியபடி திரும்பினார். "பழுத்துருச்சு ராணி" என்றார்.

(சில விஷயங்களுக்கு மன்னிப்பே கிடையாது. அவருக்கும் அது தெரியும்.)

படகு கவிழவில்லை. மரியாதையாக உட்கார்ந்தது. நாங்களும் அதோடு சேர்ந்து உட்கார்ந்தவாக்கிலேயே கீழே போனோம். எழுந்து நின்றால் எனக்கு நெஞ்சளவு, அத்தைக்குத் தோளளவு. மூட்டைகள் அவிழ்ந்து பூவெல்லாம் மேலே வந்தது. வெள்ளையும் மஞ்சளுமாகக் கண்மாய் முழுக்க விரிந்து போனது. பேண்டு செட் வாசிப்பதை நிறுத்தவில்லை, அவர்கள் இதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

பூ போச்சு, உரிமை போச்சு, வந்து ஒரு வருஷம் ஆகாத மருமகளால் போச்சு. அத்தையின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவரோ தலை மேல் ஒரு மூட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தோளளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றார்.

கரையிலிருந்து சின்னத்தை குரல் கொடுத்தார். "அக்கா, பூ போச்சா? நான் வேணா எங்க தோட்டத்துல பறிக்கச் சொல்லவா?"

அத்தை மூட்டையை இறக்காமலே பதில் சொன்னார். அந்தக் குரல் கண்மாய் முழுக்கக் கேட்டிருக்கும்.

"எங்கடி போச்சு? கண்மாயிலதான கெடக்கு. எம் பூ, ஊரு தண்ணி. ஏலே, வேடிக்க பாத்துக்கிட்டு நிக்காம எறங்கி அள்ளுங்கடா."

இறங்கினார்கள். தண்ணிப் பாம்பு இருக்கிறது என்று வர மறுத்த அந்த இரண்டு ஆட்களும் முதல் ஆளாக இறங்கினார்கள். வேட்டியை விரித்துப் பிடித்து அள்ளினார்கள். கூடை, மீன் வலை, கொசுவலை, யார் வீட்டுச் சோறு வடிக்கிற தட்டோ தெரியவில்லை, எல்லாம் வந்தது. பேண்டு செட்டில் டிரம்பட் வாசிக்கிறவர்கூடப் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். சாயங்காலத்துக்குள் சப்பரத்துக்கு வேண்டிய பூ கரைக்கு வந்துவிட்டது.

இப்போது நான் சொல்லப் போவதை யாரும் மறுக்க முடியாது. மற்ற வருஷங்களில் சப்பரம் பாதித் தெரு சுற்றுவதற்குள் சம்பங்கி தலை தொங்கிவிடும். அந்த வருஷம் தண்ணீர் குடித்த பூ, கோயிலுக்குத் திரும்பி வரும்வரை விறைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் பாசி வாசம் அடித்தது என்பது உண்மைதான். சாமியார் செபம் சொல்லும்போது மாலையிலிருந்து ஒரு கெண்டைக் குஞ்சு துள்ளி அவர் புத்தகத்தில் விழுந்ததும் உண்மைதான். ஆனால் பூ வாடவில்லை. சின்னத்தையே சொன்னார், "பூ நல்லாத்தான் இருக்கு" என்று. வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னார்.

மறுநாள் சாப்பிடும்போது அருள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனில் ஒரு வீடியோவைப் போட்டார். பழைய படகு வாங்குவது எப்படி என்று ஒருவர் பேசுகிறார். தட்டிப் பார்க்கச் சொல்கிறார். கணீரென்று கேட்டால் நல்ல படகாம். மந்தமாகக் கேட்டால் உள்ளே இற்றுப்போயிருக்கிறதாம், அழுத்தும்போது உள்வாங்கினால் பக்கத்திலேயே போகக் கூடாதாம். அருள் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார்.

"அந்தாளு வந்து ஒரு பலாவத் தட்டிக் காட்டட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு நான் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். இன்றைக்கும் அதுதான் என் பதில். நான் தட்டியது சரி, கேட்ட சத்தமும் சரி. அது பலாவாக இல்லாமல் போனது என் குற்றமா?

பச்சைப் படகை யாரோ மீன் குத்தகைக்காரர் வாங்கிப் போனாராம். இன்னும் மிதக்கிறதாம். மிதக்கட்டும். என் நீலப் படகில் மண்ணை நிரப்பி அத்தை சம்பங்கிக் கிழங்கு ஊன்றியிருக்கிறார். தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடுவதால் கிழங்கு அழுகுவதே இல்லை. சப்பரத்துக்கு முதல் பூ இப்போதெல்லாம் அதிலிருந்துதான் போகிறது. கேட்கிறவர்களிடம் அத்தை, "எம் மருமக பாத்து வாங்குனது" என்கிறார். அவர் முகத்தை வைத்து அது கேலியா பெருமையா என்று என்னால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. அதைத் தட்டிப் பார்க்கவும் முடியாது.

ஒன்று மட்டும் மாறவில்லை. பலாக் காலத்தில் வீட்டுக்குப் பழம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வீடே சுற்றி நிற்கும். நான் விரல் மடக்கித் தட்டுவேன். காதை வைத்துக் கேட்பேன். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். "பழம், இன்னைக்கே வெட்டலாம்" என்பேன். இதுவரை ஒரு பழம்கூட என்னைக் கைவிட்டதில்லை.

அத்தை அரிவாளில் எண்ணெய் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பார்.

"நல்லாத் தட்டிப் பாத்தியாத்தா? மிதக்கும்ல?"