மேலது, பக்கம் 47

பொய் சொல்லத் தெரிந்தவர்கள் கொல்கத்தாவில் லட்சம் பேர் இருக்கலாம். பொய்க்குப் பக்க எண் போடத் தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவனோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் குப்பை கொட்டிய பாவி நான்.

லேக் கார்டன்ஸில் தங்கவும் சாப்பிடவுமாக ஒரு மாடிவீட்டு மெஸ் அது. நான் இதே கொல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பாவுக்கு மாற்றல் வந்து குடும்பம் கிளம்பிப் போக, எம்.ஏ. சமூகவியலை முடிக்க இங்கே வந்து விழுந்தேன். அவன் திருநெல்வேலிப் பக்கம் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, "வேற ஊர்ல வேற பாடம் படிச்சா என்ன?" என்று ரயிலேறி வந்தவன். தமிழ் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரே புத்தகத்தை அடுத்தடுத்துக் காட்டும்போது அடிக்குறிப்பில் "மேலது" என்று போடுவார்கள். மேலே சொன்ன அதே புத்தகம் என்று அர்த்தம். மூன்று வருஷப் படிப்பில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். டீக்கடையில் நான் முட்டை டோஸ்ட் சொன்னால் அவன் "மேலது" என்பான். "இன்னிக்காவது குளிச்சியாடா?" என்று கேட்டாலும் "மேலது"தான். நேற்றைய பதிலே இன்றைக்கும் என்று அர்த்தம். நேற்று அவன் குளிக்கவில்லை. அதுவே அவனுக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

ஆதாரம் காட்டாமல் அந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டான். மீன் குழம்பில் உப்பு குறைவு என்றால் குறைவு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? "உப்பு கம்மி. மாஷியே ஒத்துக்கிட்டா, இன்னைக்குக் காலைல, அடுப்படில" என்பான். சமையல்கார மாஷியிடம் போய்க் கேட்டால், நான் எப்போது சொன்னேன் என்று கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

முதல் செமஸ்டரில் அவன் அசைன்மென்ட்டைப் புரட்டிப் பார்த்தேன். கடைசித் தாளில் பதினான்கு புத்தகங்கள். பதினான்குக்கும் பக்கம் 47.

"ஏன்டா எல்லாத்துலயும் நாப்பத்தேழு?"

"ஏல, யோசிச்சுப் பாரு. பத்துன்னு போட்டா முன்னுரையோட நிறுத்திட்டான்னு நெனப்பாவ. நூறுன்னு போட்டா ரொம்பக் கணக்கா இருக்கும், சந்தேகம் வரும். நாப்பத்தேழுன்னா பய உள்ள போயிருக்கான், வாசிச்சிருக்கான்னு தோணும். எந்த வாத்தியாரும் நாப்பத்தேழைத் திறந்து பாக்க மாட்டாவ."

எங்கள் மேடம் திறந்து பார்த்தார். அந்தப் பதினான்கில் ஒரு புத்தகத்துக்கு மொத்தமே முப்பத்திரண்டு பக்கம். வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டார். இவன் கொஞ்சமும் கூசாமல், "உங்ககிட்ட இருக்கறது பழைய பதிப்பு மேடம்" என்றான். கிடைத்தது பூஜ்யம்.

மானம் ரோஷம் உள்ளவன் அத்தோடு திருந்தியிருப்பான். இவன் கற்றுக்கொண்ட பாடம் வேறு. நூலகத்தில் இருக்கிற புத்தகத்தைக் காட்டினால்தானே மாட்டிக்கொள்வோம்?

எங்கள் தெரு கிளப்பில் கேரம் போர்டுக்குப் பின்னால் ஒரு துருப்பிடித்த பீரோ உண்டு. வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு அச்சடித்துப் போடும் மலர்கள் அதில் அடுக்கிக் கிடக்கும். தெருக்காரர்களே எழுதிய கட்டுரை, கவிதை, மிச்சத்துக்கு மிட்டாய்க்கடை விளம்பரம். வங்காளம் எழுத்துக்கூட்டிப் படிக்க அதற்குள் பழகியிருந்தான், அந்தப் பாழாய்ப்போன திறமை வேறு. அவனுடைய ஆய்வேட்டுத் தலைப்பே தென் கொல்கத்தாவின் தெரு கிளப்புகள்தான். பேராசிரியர் லாஹிரி என்பவர் அதைப் பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கிளப்புகள் தெருவைப் பிரிக்கின்றன என்பது அவர் கட்சி. பூஜை மலரிலோ ஹாபு என்று ஒருவர், கிளப் இல்லாவிட்டால் தெருவே இல்லை என்று உருகியிருந்தார். விடுவானா? பன்னிரண்டு பக்கத்துக்கு 'லாஹிரி – ஹாபு விவாதம்' என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டான். "லாஹிரியின் வறட்டுப் பார்வையை ஹாபு தகர்க்கிறார்." "ஹாபுவின் கேள்விக்கு லாஹிரியிடம் பதில் இல்லை." எல்லாம் பக்கம் 47.

இனி என் லட்சணத்தைச் சொல்கிறேன். சால்ட் லேக் செக்டார் ஃபைவில் எனக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் மார்க் ஷீட்டோடு வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அப்பாவுக்கோ ரிட்டயர்மென்ட் நெருங்கிவிட்டது. ஏரிக்கரையில் காலை நடை போகிறவர்களின் சங்கங்களைப் பற்றிய என் ஆய்வேடு பாதியில் பல்லிளித்தது. அந்தப் பன்னிரண்டு பக்கத்தைத் தூக்கி என்னுடையதில் சொருகினேன். அங்கங்கே வார்த்தையை மாற்றினேன், வேறொன்றும் செய்யவில்லை. "எடுத்துக்க மக்கா" என்றான் அவன், பாட்டன் சொத்தை எழுதி வைப்பவன் மாதிரி.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த லாஹிரியேதான்.

"பாத்தியாலே, ஆதாரம் நேர்லயே வந்துட்டு" என்று இவன் பூரித்துப்போனான். எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். இங்கிலீஷில் நடந்ததைத் தமிழில் சொல்கிறேன்.

"இந்த ஹாபு யாரப்பா?" என்று லாஹிரி கனிவாகக் கேட்டார்.

"பெரிய அறிஞர் சார். விளம்பரம் பிடிக்காதவர்" என்றான் மேலது.

"பார்த்துப் பேசியிருக்கியா?"

"காலமாயிட்டார் சார்."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மேடத்துக்குப் புரையேறியது.

"அடப் பாவமே, எப்போ?" என்றார் லாஹிரி.

"போன வருஷம் சார். பூஜை மலர், பக்கம் நாப்பத்தேழு."

வங்காளிகளுக்கு ஆளுக்கு இரண்டு பெயர் உண்டு. சான்றிதழில் ஒன்று, வீட்டிலும் தெருவிலும் கூப்பிட இன்னொன்று. ஊரே கைகட்டி நிற்கும் நீதிபதியை அவர் தெருவில் புக்குன் என்பார்கள். கார்டன் ரீச்சில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? பக்கத்து வீட்டு அக்கா என்னையே கோகா என்றுதான் கூப்பிடுவாள். திருடுகிறவன் என்றைக்கு வாசித்துப் பார்த்துத் திருடியிருக்கிறான்?

"நான்தான் ஹாபு" என்றார் லாஹிரி. "நான் பிறந்த தெரு அது. தெரு மலரில் தெருப் பெயரில் எழுதினேன். எனக்கே நான் பதில் சொல்ல முடியாமல் திணறுவதாகப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். என் மனைவி படித்துவிட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாள்."

அவர் சிரிக்க, நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என் ஆய்வேட்டை எடுத்து அவனுடையதன் பக்கத்தில் வைத்தார்.

"இதிலும் அதே ஹாபு, அதே நாற்பத்தேழு. யார் யாரைப் பார்த்து எழுதினீர்கள்? சொல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரு வருஷம் போகும்."

ஜூலை, செக்டார் ஃபைவ், அப்பா முகம், எல்லாம் என் கண்முன் வந்துபோயின.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான் மேலது. "பைண்டிங் கடைக்கு ரெண்டையும் கொண்டுபோனது நான்தான். அவனோடதுல பக்கம் குறைஞ்சுது. என்னோடதைக் கொஞ்சம் மாத்தி உள்ள வச்சுட்டேன்."

"இதற்கு ஆதாரம்?"

முதல் தடவையாக அவனுக்குப் பக்க எண் வரவில்லை. "ஆதாரம் இல்ல சார். நான் சொல்றேன், அவ்வளவுதான்."

லாஹிரி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பத்து நாளில் மறுபடி கொடுக்கச் சொல்லி என்னை விட்டார்கள். அவனுக்கு ஒரு வருஷம் போயிற்று. மாடிப்படியில் அவனைப் பிடித்து உலுக்கினேன். நன்றி சொல்ல வாய் வராதவனுக்குக் கோபம்தானே வரும்?

"அந்த மனுஷனை ஏன்டா கொன்னே?"

"உயிரோட இருந்தா தேடுவாவல்லா?" என்றான்.

நான் ஜூலையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவன் அதே அறையில் அதே மீன் குழம்போடு இன்னொரு வருஷம் கிடந்து, முடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். இப்போது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வாத்தியாராம். கம்ப்யூட்டர் இட்டுக்கட்டிக் கொடுக்கும் புத்தகப் பட்டியலை அப்படியே ஒட்டி வைக்கும் பிள்ளைகளை நிற்க வைத்துத் தோலை உரிக்கிறானாம். திருடன் கையில் சாவி கொடுத்த கதை.

போன மாதம் ஒரு சான்றிதழுக்காகத் துறைக்குப் போனவன், நூலகத்தில் அவன் ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். அட்டையில் இருந்த அவனுடைய முழுப்பெயர் யாரோ அந்நியனுடையது போல இருந்தது. இன்னமும் புளுகியிருப்பான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன். படுபாவி, எல்லாவற்றையும் நிஜமாகவே படித்திருக்கிறான். ஓரிடத்தில்கூட நாற்பத்தேழு இல்லை.

கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி இருந்தது. 'ஒருவரின் வீட்டுப்பெயர் தெரிகிறவரை அவருடைய தெரு நமக்குத் தெரியாது.' நல்ல வரி. கீழே அடிக்குறிப்பில் அதைச் சொன்னவர் என்று என் பெயர், இனிஷியலோடு. நேர்ப்பேச்சு, லேக் கார்டன்ஸ்.

நான் அப்படி எதுவும் சொன்னதே இல்லை. அந்த இரண்டு வருஷத்தில் அடிக்குறிப்புக்குத் தகுதியாக நான் எதையும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தவன் நான். எழுத்து மங்கியது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"ரொம்ப நேரமா ஒரே பக்கத்தைப் பார்க்கிறீங்களே அண்ணா, ஏதாவது தப்பா இருக்கா?" என்று நூலகர் கேட்டார்.

"இல்லை, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றேன்.