அத்தானின் முழங்காலும் மூன்றாம் மாடித் தூணும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் நலமும், அக்காவின் நலமும், குறிப்பாகத் தங்கள் வலது முழங்காலின் நலமும் அறிய ஆவல். இங்கு அனைவரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு, ‘அனைவரும்’ என்பதை அடித்துவிட்டேன். என்னைத் தவிர மற்றவர்கள் சௌக்கியம். காலையிலிருந்து நான் கூடத்தில் நடந்துகொண்டே இருக்கிறேன். “இப்படியே நடந்தீங்கன்னா தரை தேய்ஞ்சு கீழ்வீட்டுக்காரர் தலையில விழப்போறீங்க” என்கிறாள் என் மனைவி.

விஷயம் இதுதான். புது ஆஸ்பத்திரிக் கட்டடம் திறக்கட்டும், அங்கேயே முழங்கால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று தாங்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிறீர்கள். காத்திருக்கச் சொன்னவன் நான். அந்தக் கட்டடம் வெற்றியா தோல்வியா என்று மதிப்பெண் போட வேண்டிய அதிகாரியும் நானேதான். நான் கையெழுத்துப் போட்டால்தான் திறப்பார்கள். இது பழைய முறையில் கட்டியதல்ல. செங்கல் வைப்பதற்கு முன்பே கட்டடம் முழுவதையும் கம்ப்யூட்டரில் கட்டி, எந்தக் குழாய் எந்த உத்தரத்தில் இடிக்கும் என்றுகூடப் பார்த்துவிடுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் கட்டடத்துக்கு மாடல் என்று பெயர். மாடலும் கட்டடமும் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ அவ்வளவு மதிப்பெண்.

போன வாரம் போய்ப் பார்த்தேன். பளபளவென்று இருந்தது. சும்மா இருந்திருக்கலாம், என் நாக்கில் சனி. “ஒரு ஸ்ட்ரெச்சரை உருட்டிப் பார்க்கலாமே” என்று சொல்லிவிட்டேன். நோயாளியாகப் படுக்க யாரும் வரவில்லை, கான்ட்ராக்டரே படுத்தார். நல்ல ஆகிருதி, கிட்டத்தட்ட உங்க உயரம் அத்தான். மூணாவது மாடியில ஆபரேஷன் அறையிலேர்ந்து தள்ளிக்கிட்டு வந்தோம். லிஃப்டுக்குத் திரும்பற இடத்துல டங்குன்னு ஒரு சத்தம். குழாயை மறைக்கறதுக்காக அங்க ஒரு செங்கல் தூண் எழுப்பியிருக்காங்க. முன்னாடியும் போகல, பின்னாடியும் வரல. மனுஷன் படுத்தபடியே, “சார், இதை ரிப்போர்ட்ல எழுதிடாதீங்க”ங்கறார். மாடல் போடற பொண்ணு ஓடி வந்து டேப்லெட்டைக் காட்டி, “எங்க மாடல்ல ஸ்ட்ரெச்சர் திரும்புதே சார்”னு சொல்லுது. எப்படித் திரும்பாம இருக்கும்? மாடல்ல தூணே இல்ல!

சரி, தப்பைத் திருத்துங்கன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாளே கூப்பிட்டாங்க. திருத்திட்டாங்களாம். என்னத்தைன்னு நினைக்கறீங்க? மாடல்ல தூணை வச்சுட்டாங்க! இப்ப மாடலும் கட்டடமும் அச்சு அசலா ஒண்ணு, முழு மதிப்பெண் போடுங்கன்னு நிக்கறாங்க. ஆனா தூணை வச்சதும் ஸ்ட்ரெச்சர் இடிக்குதுன்னு கம்ப்யூட்டர் சிவப்பு காட்டியிருக்கு. அதுக்கும் ஒரு வழி பண்ணியிருந்தாங்க: மாடல்ல ஸ்ட்ரெச்சரோட நீளத்தைக் குறைச்சுட்டாங்க. “இப்ப பச்சை சார்”னு அந்தப் பொண்ணு சிரிக்குது. “ஏம்மா, ஸ்ட்ரெச்சரைக் குறைச்சே, நோயாளியை யாரு குறைப்பா?”ன்னேன். கான்ட்ராக்டர் நிதானமா, “கொஞ்சம் காலை மடக்கிக்கிட்டா போதும் சார்”னு சொல்றார். செருப்புக்காகக் காலை வெட்டச் சொன்ன கதையா இருக்கே! முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு வர்றவர் எங்கய்யா காலை மடக்குவார்?

அன்னையிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல அத்தான். பேனாவைத் திறக்கறேன், மூடறேன். மேலதிகாரி போன் மேல போன் போடறார், திறப்பு விழாவுக்குப் பந்தல்காரனே வந்துட்டானாம். கையெழுத்துப் போட்டா நீங்க தூணுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்குவீங்க. போடலன்னா கட்டடம் திறக்காது, நீங்க மாடிப்படியில ஒவ்வொரு படிக்கும் “அம்மா”ன்னு கத்தறது என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கும். “ஊரே வெற்றின்னு சொல்லுது, உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?”ன்னு வீட்டுல இவ கேக்கறா. எனக்கு என்ன வந்துச்சா? என் அக்கா புருஷனுக்கு இல்ல வந்திருக்கு!

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வேலையே போனாலும் சரி, அந்தத் தூண் போகும்வரை கையெழுத்துப் போட மாட்டேன். இது தங்கள் முழங்கால் மீது சத்தியம். அக்காவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசிகள். மருந்தை மறக்காமல் தடவவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டறதுக்குள்ள அந்தப் பொண்ணு போன் பண்ணி, “சார், தூணை எடுத்துட்டோம்”னு சொல்லிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. விழுந்தடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டேப்லெட்டைக் கையில குடுத்தாங்க. மூணாவது மாடி, லிஃப்ட் திருப்பம், சுத்தமா தூணே இல்ல. நின்ன இடத்துலயே கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் கண் குளிர நேர்லயும் பார்க்கலாம்னு மேல போய், டேப்லெட்டைப் பார்த்துக்கிட்டே அந்தத் திருப்பத்துல வீசி நடந்தேன். நெத்தியில டங்குன்னு ஒரு அடி. “முதல்ல மாடல்லதானே சார் எடுக்கணும், நிஜத்துல அடுத்த மாசம்”னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. கண்ணைத் திறந்தப்போ ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கேன், கான்ட்ராக்டர் தள்ளிக்கிட்டு வர்றார். திருப்பம் வந்ததும் குனிஞ்சு, ரொம்ப மரியாதையா, “சார், கொஞ்சம் காலை மடக்குங்க”ன்னார்.

மடக்கிட்டேன் அத்தான். நீங்க வேற ஆஸ்பத்திரி பாருங்க.