பேய் ஊர் வியாபாரியும் கொசுவலைக்காரரும்

வீடியோ கேமில் வரும் ஒரு வியாபாரி சாப்பிட்டாரா இல்லையா என்று உண்மையாகவே கவலைப்பட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்தார். அவர் புதுச்சேரியில் சைக்கிளில் கொசுவலை விற்றுக்கொண்டிருந்தார். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சுனாமி வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சாரம் பகுதியில் ஒரு கேம் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஷட்டர், இரண்டு டிவி, இரண்டு மெஷின், ஆறு நாற்காலி, ஆறாயிரம் கொசு. மெஷின்களையும் டிஸ்க்குகளையும் பாரீஸில் இருக்கும் என் பெரியப்பா மகன் அனுப்பியிருந்தான். அதனால் எங்கள் கடையில் எல்லாப் பேய்களும் பிரெஞ்சில்தான் உறுமின.

கொசுவலைக்காரரை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த சட்டை. பின்சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் வலைகளைக் கட்டிக்கொண்டு அவர் வந்தால் ஒரு சின்னக் கல்யாணப் பந்தல் தானாக நகர்ந்து வருகிற மாதிரி இருக்கும். "கொசுவலேய்... ஒத்த வலே, டபுள் வலே, தொட்டில் வலேய்..." என்று ஒரே ராகம். அதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. வாய் திறந்தால் வலைதான் வரும்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி என் கடைக்குள் வந்தார். உள்ளே கல்லூரி மாணவன் ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தான். கதை இதுதான்: ஒரு பாழடைந்த ஊர். ஊர் ஜனம் மொத்தத்துக்கும் பேய் பிடித்துவிட்டது. கையில் இருக்கும் கொஞ்சம் தோட்டாவை வைத்துக்கொண்டு நாம் உயிர் பிழைக்க வேண்டும். அந்த ஊரில் ஒரு சந்து முனையில், தரையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு, முதுகில் மூட்டையோடு ஒரு வியாபாரி நிற்பார். "போன்ஷூர் முசியே" என்பார். நாம் தோட்டா வாங்கினால் "மெர்சி" என்பார். கிளம்பினால் "ஓ ரெவ்வார்". அவ்வளவுதான் அவர் பேச்சு.

மழை விட்டது. கொசுவலைக்காரர் போகவில்லை. அவர் கண் அந்த மூட்டை மேலேயே இருந்தது.

"தம்பி, இவரு யாரு?"

"வியாபாரி அண்ணே."

"அது தெர்யுது. மூட்டைய பாத்தாலே தெர்யுதே. இந்த ஊர்ல யாருக்கு விக்கிறாரு?"

"நமக்குதான்."

"நம்ம ஒருத்தருக்கா? ஒத்தக் கஸ்டமர நம்பி யாரு தம்பி கடை போடுவாங்க?"

மூன்று வருடமாக அந்த ஆட்டத்தை ஆடுகிறேன், அந்தக் கேள்வி என் மண்டையில் ஒருநாளும் உதித்ததில்லை.

மறுநாள் மதியம், வியாபாரம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். அவர் ஒருநாளும் விளையாடியதில்லை. அந்த வியாபாரி வரும் காட்சிக்காகக் காத்திருப்பார். மற்ற நேரத்தில் பேய் பின்னால் வந்து கழுத்தைக் கடித்தாலும் அவருக்குக் கவலையில்லை. விளக்கு தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "வந்துட்டாரு" என்பார், பஸ்ஸில் வரும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி.

கேள்விகளும் நின்றபாடில்லை. நாம் ஒரு பாலத்தைத் தாண்டுவோம், பாலம் இடிந்து விழும், வேறு வழியே கிடையாது. அந்தப் பக்கம் போனால் வியாபாரி நமக்கு முன்னாலேயே மூட்டையோடு நின்றுகொண்டிருப்பார். "குறுக்கு வழி தெரிஞ்ச மனுஷன்ப்பா. சண்டை போடறத விட்டுட்டு அவர்ட்ட வழிய கேளேன்" என்பார் கொசுவலைக்காரர். கேமில் அதற்குப் பட்டன் இல்லை என்றால் நம்பமாட்டார். வியாபாரி எப்போதும் நின்றுகொண்டேயிருப்பது அவருக்குப் பெரிய மனவருத்தம். "அவ்ளோ துப்பாக்கி விக்கிறாரு, ஒரு ஸ்டூலு இல்ல பாரு." நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் அழுகிய மீனைக்கூட வியாபாரி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார். "இத எடுத்துக்கினு ஊட்டுக்குப் போனா பொண்டாட்டி இன்னா சொல்லுவா?" என்று இவர் நிஜமாகவே விசனப்பட்டார்.

பேய்கள் ஏன் அவரை ஒன்றும் செய்வதில்லை என்று நான் ஒருநாள் பதிலுக்குக் கேட்டேன். யோசித்துச் சொன்னார்: "பேயும் அவர்ட்ட எதனா வாங்கும். இல்லன்னா உட்டு வெக்குமா?"

பிரெஞ்சு விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமை. பீச் பக்கம் பிரெஞ்சுக்காரர் வீடுகளில் வலை விற்றவர் என்பதால் போன்ஷூரும் மெர்சியும் அவருக்கு அத்துப்படி. "பிரெஞ்சு பேசறாரு, மூட்டை தூக்கறாரு. சந்தேகமே வேணாம், நம்ம ஊர்க்காரரு" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அதன்பிறகு திரையில் போன்ஷூர் வந்தால் இவரும் எழுந்து நின்று போன்ஷூர் சொல்வார்.

பசங்களுக்கு அவர் ஒரு தலைவலி. வியாபாரியிடம் முதல்முறை போனால் எதையாவது வாங்காமல் நகரவிட மாட்டார். "போணி பண்ணிட்டு போப்பா. காலைலேர்ந்து நிக்கறாரு." அந்தத் தொல்லை தாங்காமல் இருந்த காசுக்கெல்லாம் காயம் ஆற்றும் பச்சிலையை வாங்கிவிட்டு, தோட்டா இல்லாமல் பேயை வெறுங்கையால் அடித்துச் செத்தவர்கள் பலர். ஆனால் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. கொசுத் தொல்லை என்று ஒருவன் முனகியதற்கு, மறுநாளே நாற்காலியைச் சுற்றி ஒரு வலையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். அவன் மாப்பிள்ளை மாதிரி வலைக்குள் உட்கார்ந்து பேய்களைச் சுட்டான்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தும். மற்ற நாள்களில் மதியம் வருகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே வாசலில் நிற்பார். சைக்கிள் வியாபாரிகளுக்குக் கிழமைக்கு ஒரு ஊர் உண்டு. அதை லைன் என்பார்கள். செவ்வாய் வீராம்பட்டினம் என்றால் செத்தாலும் செவ்வாய் வீராம்பட்டினம்தான். அந்தக் கிழமையில் ஜனங்களும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ஞாயித்துக்கிழமை லைன் இல்லையாண்ணே?"

"இல்ல தம்பி" என்று திரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை வந்தது. வழக்கமாக வரும் மாணவன் ஒருவன், மூட்டையில் இருப்பதெல்லாம் கீழே விழுகிறதா பார்க்கலாம் என்று வியாபாரியைச் சுட்டுவிட்டான். ஒரே தோட்டா. வியாபாரி ஒரு சத்தம் போட்டுவிட்டு விழுந்தார். மூட்டையிலிருந்து ஒன்றும் விழவில்லை.

கொசுவலைக்காரர் எழுந்துவிட்டார். "இன்னாத்துக்குப்பா சுட்ட?"

"சும்மா, அண்ணே."

"சும்மாவா? அவரு உன்ன இன்னா பண்ணாரு? போன்ஷூர்தானே சொன்னாரு!"

என்னைப் பார்த்து, "அடுத்த எடத்துல வந்துடுவாரு இல்ல?" என்றார். எனக்குத் தெரியும், வரமாட்டார். அந்த ஆட்டத்தில் அவரைக் கொன்றால் கொன்றதுதான். ஆனாலும் "வருவாருண்ணே" என்று சொல்லிவைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த இடம் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் யாருமில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவர் வீட்டைத் தேடிப் போனேன். இரண்டு தெரு தள்ளி, ஒரே அறை. அவர் மனைவி டீ போட்டுக் கொடுத்தார்.

"அண்ணே, புதுசா ஆரம்பிச்சா அவரு திரும்ப உயிரோட வருவாரு. நானே ஆடிக் காட்றேன், வாங்க."

"வருவாரு. ஆனா ஊரு பேயா கெடக்கறப்போ மூட்டைய தூக்கிக்கினு வந்து நின்னா, யாருக்கா இருந்தாலும் சுடணும்னுதான் தம்பி தோணும்." டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "எனக்கு ஞாயித்துக்கிழமை பிள்ளைச்சாவடி லைனு."

பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் அந்த மீனவர் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். சுனாமியில் கடல் உள்ளே வந்த நாளும் ஒரு ஞாயிறுதான். அன்று சைக்கிள் பஞ்சர், அதனால் தப்பித்தார். அடுத்த ஞாயிறு போனார். வீடிழந்த ஜனங்கள் வெட்டவெளியில் கொசுக்கடியில் படுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டிலிருந்த வலையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனார். விற்பதற்கல்ல, சும்மா கொடுப்பதற்கு.

"போய் நின்னேன். எல்லாம் உக்காந்திருக்காங்க. ஒரு சத்தம் இல்ல. எதனா சொல்லணும் இல்ல? இந்தாங்க, எடுத்துக்கங்கன்னு சொல்லணும். வாயத் தொறந்தேன் தம்பி..." அவர் சுவரைப் பார்த்தார். "கொசுவலேய்னு வந்துடுச்சி. ஒத்த வலே, டபுள் வலே, தொட்டில் வலேன்னு முழுசா வந்துடுச்சி. நிறுத்த முடில."

ஒரு பெண் எழுந்து வந்தாராம். ஒவ்வொரு வாரமும் இவரிடம் பேரம் பேசிச் சிரிக்கிற பெண். அவருடைய ஏழு வயது மகளைக் கடல் கொண்டுபோயிருந்தது. "செத்த ஊட்ல கடை விரிக்க வந்தியா? இனிமே இந்தப் பக்கம் உன் சைக்கிள் வரக்கூடாது" என்று கத்தி, ஒரு பிடி மண்ணை அள்ளி இவர் மேல் வீசினாராம்.

"நான் விக்க வர்லன்னு சொல்லியிருக்கலாம். வேற பேச்சே வர்ல. திரும்பிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை வாசலில் நின்றவர் ஒன்றரை வருடமாக இதைச் சுமந்துகொண்டுதான் திரிந்திருக்கிறார்.

"தம்பி, ஒரு ஞாயித்துக்கிழமை என்கூட வர்றியா? நீ படிச்சவன். விக்க வர்லன்னு அந்தப் பொண்ணுகிட்ட நீ சொல்லு. நான் பின்னாடி நின்னுக்கறேன், வாயே தொறக்க மாட்டேன்."

"கண்டிப்பா வர்றேண்ணே. இந்த ஞாயிறே போலாம்" என்றேன்.

மீண்டும் கடைக்கு வர ஆரம்பித்தார். நான் புதிதாக ஆட்டம் ஆரம்பித்து வியாபாரியை அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினேன். போன்ஷூர் பரிமாறிக்கொண்டார்கள். நடுநடுவே, ஒருவேளை தானே பேச நேர்ந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பார். "அம்மா, நான் விக்க வர்ல. குடுக்க வந்தேன். தப்பா எடுத்துக்காத. ஒத்த வலே..." பசங்கள் சிரிப்பார்கள். அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்.

அந்த ஞாயிறு கடையில் கூட்டம். ஞாயிறுதானே எனக்கு வியாபாரமே. அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரம் பசங்களுக்குள் போட்டி வைத்திருந்தேன். அதற்கடுத்த வாரம் மழை. நான்காவது வாரம் என்ன காரணம் சொன்னேன் என்பதுகூட இன்று நினைவில் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சவரம் செய்துகொண்டு வந்து, "நாளைக்குதானே தம்பி?" என்பார். நான் இழுப்பேன். "அட, கடைய வுட்டுட்டு வர முடியுமா? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

ஐந்தாவது ஞாயிறு வருவதற்குள், ஒரு வியாழக்கிழமை காலையில், குழாயடியில் குடத்தை இறக்கி வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஏதோ ஒரு பெயர் போட்டிருந்தது. படத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கச் சொன்னார். "அன்னிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டாந்தது. அது அந்த ஊருக்குன்னு வெச்சதுன்னு வேற யாருக்கும் ஒண்ணுகூட விக்கல. நீதான் கூடப் போறதா சொன்னியாமே."

அந்த ஞாயிறு நான் ஷட்டரைத் தூக்கவில்லை. மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டு பிள்ளைச்சாவடிக்குப் போனேன். விசாரித்ததும் அந்தப் பெண்ணைக் காட்டிவிட்டார்கள். மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தார். கையைக் கழுவாமலே எழுந்து வந்தார்.

"இது சைக்கிள்காரர் கட்டற முடிச்சாச்சே. அவரு எங்க?"

சொன்னேன். அன்று அவர் விற்க வரவில்லை என்பதையும் சொன்னேன். அவ்வளவு நாளாக நான் சொல்லாமல் தள்ளிப்போட்டது இரண்டே வரிதான். சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் பெண் அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியாதா தம்பி, அவரு எப்படிப்பட்ட மனுஷன்னு? கடல வைய முடியுமா? வைஞ்சா அதுக்குக் காதுல உழுமா? அன்னிக்குக் கையில கெடச்சவரு அவருதான். வைஞ்சிட்டேன். ரெண்டு வாரம் போனா வந்துடுவாருன்னு பாத்தேன். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம ரோட்டையே பாத்துக்கினு இருந்தேனே. ஒரு வார்த்தை வைஞ்சதுக்கு ஒரேடியா வராமலே இருந்துடுவாரா?"

அவர் அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, சைக்கிள்காரர் கொடுத்தனுப்பினது என்று சொல்லிச் சொல்லி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கடைசி வலையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். என்னை டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன்.

திரும்பும்போது ஸ்கூட்டர் லேசாக இருந்தது. எனக்குத்தான் கண் தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் அவரைத் திட்ட ஆரம்பித்தேன். திட்ட வேண்டியது என்னைத்தான் என்று தெரிந்தும் அவரைத்தான் திட்டினேன். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு பொறுத்திருக்கக் கூடாதா, அண்ணே?