கச்சான் சுருளில் பதினேழு பெயர்கள்

போர்க்காலத்துத் திருகோணமலையில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகித்தார்கள். ஆனால் தன் சொந்த விரல்களையே சந்தேகித்தவர் பாஸ்வேட் அண்ணை ஒருவர்தான்.

உட்துறைமுக வீதியில் நான்கு கணினிகளும் இரண்டு தொலைபேசிக் கூண்டுகளும் இருந்த தொலைத்தொடர்பு நிலையத்துக்கு அவர் பொறுப்பாளர். கணினிப் படிப்பு முடித்த கையோடு நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணை பாஸ்வேட் அடிக்கும்போது விசைப்பலகையைத் துவாயால் மூடிக்கொள்வார். துவாய்க்குள் விரல் தவறினால், "ஆரோ மாத்திப்போட்டாங்கள்" என்று எழுந்துவிடுவார். சீனன்குடா விமானத்தளத்திலிருந்து விமானம் கிளம்பினால், மேலிருந்து தெரியுமென்று கணினித் திரையை அணைத்துவிடுவார்.

மற்றவர்கள் பாஸ்வேட் அடிக்கும்போது மட்டும் முதுகைத் திருப்பிச் சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி நிற்பார். கள்ளன் வந்து பாஸ்வேட் அடித்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்.

ஒருநாள் அதிகாரி ஒருவர் உத்தரவோடு வந்தார். வெளிநாட்டுக்குக் கதைப்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அழைத்த எண் எல்லாவற்றையும் பதிய வேண்டும்.

"எழுதச் சொல்லியிருக்கு. எழுதினதைக் களவு போகாமல் எப்பிடி வைக்கிறதெண்டு உத்தரவில எந்தப் பந்தியில இருக்கு, சேர்?" என்று அண்ணை கேட்டார்.

"அது உங்கட வேலை."

"ஓம். அப்ப மிச்சச் சட்டத்தை நான் எழுதுறன்."

அன்றே பதினொரு விதிகள் சுவரில் ஏறின. மூன்றாவது: பட்டியல் கணினிக்குள் மட்டுமே இருக்க வேண்டும். ஆறாவது: வாடிக்கையாளரின் பெயரை உரத்துக் கேட்கக் கூடாது. கட்டாரில் இருக்கும் கணவரோடு கதைக்கக் குறிஞ்சாக்கேணியிலிருந்து வரும் றஹீமா அக்காவுக்கு இந்த ஆறாவது பிடிக்கவில்லை. பெயர் கேட்கக் காதருகே குனிந்தால், "தள்ளி நிண்டு கேளுங்க தம்பி. சனம் பாக்குது."

அண்ணையின் பயம் வெறும் பயமல்ல. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடு எதுவென்று தெரிந்தால், மிரட்டிக் கப்பம் கேட்டு அழைப்பு வரும் காலம் அது.

ஒரு மாலை, கடற்கரைக்குப் போன அண்ணை பாதி தின்ற கச்சான்கடலைச் சுருளோடு திரும்பி வந்து அதை மேசையில் விரித்தார். அரைத் தாள். பதினேழு பெயர்கள், இலக்கங்கள், எண்கள். ஆறாவது பெயர் றஹீமா அக்காவுடையது.

"கணினியை ஹக் பண்ணிப்போட்டாங்கள்" என்றார். முதலில் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரைச் சந்தேகித்தார், பிறகு விமானத்தை, கடைசியில் துவாயை.

நான் என் கொப்பியைத் திறந்தேன். அன்றைய வேலைகள்: ஒன்று, பட்டியலை அச்சடித்துப் பிழை பார்த்தல். இரண்டு, பழைய பேப்பர்களைக் கச்சான்காரருக்குக் கொடுத்தல். இரண்டுக்கும் நேரே அழகான சரி அடையாளம். மூன்றாவது விதி தெரிந்திருந்தும், தாளில் பார்த்தால்தான் எனக்குப் பிழை தெரியும்.

"அண்ணை, ஹக் பண்ணினது நான்தான். அச்சடிச்ச நாலு தாளும் பழைய பேப்பரோட போயிட்டுது. பாதி பாதியாக் கிழிச்சிருந்தால் எட்டுச் சுருள்."

அவர் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் கடற்கரைவரை ஓடினேன்.

"இருக்கிற சுருள் எல்லாம் தாங்கோ."

கச்சான்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கலியாண வீடோ?"

"ஓம். பொம்பிளை பகுதி பெரிசு."

மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அண்ணை முதலில் கொண்டுவந்ததோடு எங்கள் தாளில் சுற்றியது ஏழு. எட்டாவது, வீதிச் சோதனைச் சாவடியில் நின்ற பொலிஸ்காரரின் கையில் இருந்தது. அவர் அதிலிருந்து நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

அண்ணை நேரே அவரிடம் போனார். "சேர், அது பழங்கச்சான். வயித்துக்குள்ள குழப்பும். இது புதுசு, மூண்டு சுருள் தாறன்."

பொலிஸ்காரர் மெல்லுவதை நிறுத்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக அண்ணை தனக்கு நிகரான ஒருவரைச் சந்தித்திருந்தார்.

"முதல் நீ சாப்பிடு."

மூன்று சுருளிலிருந்தும் அண்ணை தின்று காட்டினார். பிறகுதான் பழைய சுருள் கை மாறியது. எட்டையும் கடற்கரையிலேயே எரித்தோம்.

மறுநாள் சுவரில் பன்னிரண்டாவது விதி இருந்தது: தாளும் கணினியே. அதில் என் பெயர் இல்லை. நிலைய முதலாளியிடமும் அண்ணை எதுவும் சொல்லவில்லை. எல்லா பாஸ்வேட்டுகளையும் மாற்றிக்கொண்டிருந்தார். இனி எனக்கு ஒன்று கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன். கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். எழுந்து கலண்டர்ப் பக்கம் திரும்பினார்.

"அடியுங்கோ பிள்ளை. நான் பாக்கேல்லை."

இன்றைக்கும் எங்காவது பாஸ்வேட் அடிக்கும்போது, பின்னால் அந்த முதுகு நிற்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.