இரும்பு முனை வழங்கப்பட்ட நாள்

கூலிப்படைகளை நம்பிக் கெட்டது போதும், இனிக் குடிமக்களே தங்கள் சுதந்திரத்தைக் காப்பார்கள் என்று டஸ்கனி மலைமேலிருந்த மொந்தெராவோ குடியரசு ஏகமனதாகத் தீர்மானித்தது. சாயக்காரர் லாப்போவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நகக்கண்ணெல்லாம் நீலமேறிய தன்னையும் குடியரசு நம்புகிறதே!

அவருக்கு நீளமான ஈட்டிக்கழி ஒன்று வழங்கப்பட்டது. நுனியில் இரும்பு இல்லை. சபைச் செயலாளர் ஒட்டோவிடம் போனார்.

"ஐயா, முனை?"

"சபை கூடுற அரண்மனையில பூட்டி வெச்சிருக்கோம்."

"எதிரி வந்தா?"

"எதிரி வந்தா பார்த்துக்கலாம்யா. முனையோட நீங்க வந்தா யாரு பார்க்கிறது?"

அதிலும் நியாயம் இருப்பதாகவே லாப்போவுக்குப் பட்டது. ஞாயிறுதோறும் சதுக்கத்தில் வெறுங்கழியோடு நடை பழகினார். வீரர்களுக்குப் பிடித்துப்போய்விடக் கூடாதென்று படைத்தலைவரை மாதாமாதம் மாற்றினார்கள். யாருக்கும் யாரையும் பிடிக்கவில்லை. சபைக்குப் பரம திருப்தி.

இலையுதிர் காலத்தில், வேலை போன கூலிப்படையினர் கொள்ளையடிக்கத் திரும்பி வந்தார்கள். மதிலுக்கு வெளியே, ஆற்றில் பெண்கள் கம்பளி அலசிக்கொண்டிருந்தார்கள். லாப்போ அரண்மனைக்கு ஓடினார்.

"ஐயா, ஆத்தங்கரைல எம் பொண்டாட்டி இருக்கா! இரும்பைக் குடுங்க!"

ஒட்டோவின் கண்கள் சுருங்கின. "இத்தனை மாசம் சும்மா இருந்துட்டு, எதிரி வந்த அன்னைக்குப் பார்த்துக் கேக்கிறியே... உன் உள்நோக்கம் என்ன?"

உள்நோக்கத்தை ஆராயச் சபை கூடியது. சம்மதத்துக்கு வெள்ளை அவரைக்கொட்டை, மறுப்புக்குக் கறுப்பு என்று போட்டு வாக்களித்தார்கள். இரண்டும் சமமாக வந்தன. மறுபடி போட்டார்கள். லாப்போ வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது வாக்கெடுப்பின்போது பெண்களே நகருக்குள் வந்துவிட்டார்கள். சொட்டச் சொட்ட ஈரம், தோளில் கம்பளி அடிக்கும் கட்டைகள், பின்னால் கூலிப்படையின் இரண்டு குதிரைகள். முன்னால் வந்த லாப்போவின் மனைவி டெஸ்ஸாவுக்கு நெற்றியில் ரத்தம்.

"ஓடிட்டானுங்க," என்றாள்.

சபை உறைந்துபோனது. முன்னனுமதியின்றிக் கூட்டமாய்ச் சேர்ந்தமை, ஆயுதமேந்தியமை, அனைத்துக்கும் மேலாக வெற்றி பெற்றமை! இம்முறை ஒரு கறுப்புக் கொட்டைகூட விழவில்லை. அரண்மனைப் பூட்டு திறக்கப்பட்டது. பெண்களிடமிருந்து கட்டைகளைப் பறிமுதல் செய்யும்படி குடிமக்கள் படைக்கு ஆணை பிறந்தது.

இரும்பு ஏறியதும் கழி கனத்தது. லாப்போவின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. முதன்முறையாகப் படை முழுவதும் ஒரே தாளத்தில் காலெடுத்து நடந்தது.

டெஸ்ஸா நெற்றியைத் துடைத்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க, அவனுங்க வந்தப்போ இதெல்லாம் எங்க போச்சு?"

லாப்போ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேள்வி கேக்கிறதுக்குச் சபைல அனுமதி வாங்கினியா?"