ரூட்ல யாரும் வரக் கூடாது

தர்மபுரி மாவட்டத்திலேயே ஓசி டீ குடிக்காத ஒரே மனிதருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஓசி'.

காரணம் உண்டு. கம்பெனி சர்வர்களில் இருக்கிற சிஸ்டத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். "என் கூலி மட்டுந்தாங்க. லைசென்ஸுக்குக் காசு கெடையாது" என்பார். "அப்போ ஓசியா?" என்று எவனாவது கேட்பான். கேட்டவன் தொலைந்தான். "ஓசி வேறங்க, சுதந்திரம் வேறங்க. இத யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் விடமாட்டார். யார் டீ சொன்னாலும் தன் டீக்குத் தானே காசு கொடுப்பார். கல்யாண வீட்டில்கூட மொய் எழுதிவிட்டுத்தான் இலையில் உட்காருவார்.

நான் மொரப்பூர் பக்கம் ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையத்துக்குப் பொறுப்பாளன். எங்கள் சர்வரில் இருந்த சிஸ்டம் திருட்டுக் காப்பி. மாதம் ஒரு வைரஸ். பால் ஊற்றுகிறவர் பெயர், லிட்டர், கொழுப்பு எல்லாம் அதில்தான் ஏறும். அது படுத்தால் பால் வாங்க முடியாது. ஓசி பேசியதில் முதலாளி காதில் விழுந்தது 'காசு கெடையாது' மட்டும்தான். மாற்றச் சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாயங்காலப் பால் நின்னா நீயும் நின்னுக்க" என்றார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வேறு வேலை தெரியாது.

ஓசி வந்தார். லினக்ஸ் இருந்த பென்டிரைவை அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். சட்டையைத் தூக்கிக்கொண்டு அதை அவர் அவிழ்த்தபோது ஆபீஸ் பெண்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"பையில வெச்சா என்னாய்யா?" என்றேன்.

"சட்டையத் தெனமும் கழட்டுறேன். கயித்தக் கழட்டறதில்லீங்களே."

வேலையில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஒரு மாதம் புதியதைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டி, இரண்டிலும் ஒரே லிட்டர், ஒரே கொழுப்பு வருகிறதா என்று தினமும் பார்த்தார். சர்வரிடம் "எந்திரிங்க. மெதுவா. அவசரமில்லீங்க" என்று பேசுவார். எங்கள் முதலாளி தன் மாமனாரிடம்கூட அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

மாற்றும் நாள் வந்தது. காலைப் பால் இறங்கியதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணிக்குத் தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"இனிமே ரூட்ல யாரும் வரக் கூடாதுங்க. வந்தா நான் பொறுப்பில்ல."

மறுபடி கதவைச் சாத்திக்கொண்டார்.

பால் தொழிலில் ரூட் என்றால் ஒன்றுதான். பால் வண்டி வரும் வழி. எங்களுக்கு நான்கு ரூட். சர்வர் படுத்துவிட்டது, அதனால்தான் வண்டிகளை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். மூன்று டிரைவர்களைப் போனில் பிடித்து, அங்கங்கே நிற்கச் சொன்னேன். சித்தேரி வண்டிக்கு மட்டும் லைன் கிடைக்கவில்லை.

கம்பைநல்லூர் டிரைவர் எதிர்த்துக் கேட்டான். "அண்ணா, பாலு கேன்ல ஊத்தியாச்சு. வெயிலு மண்டையப் பொளக்குது. நான் நிப்பேன், பாலு நிக்குமா?"

"நில்லுடான்னா நில்லு!"

நாலரை மணிக்கு ஓசி சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ஓடுதுங்க! எங்க, ஒரு வண்டியையும் காணோம்?"

"நீதானய்யா ரூட்ல யாரும் வரக் கூடாதுன்ன!"

அவர் முகத்தில் சிரிப்பு செத்தது. லினக்ஸில் எதையும் செய்யும் அதிகாரம் உள்ள பயனருக்கு ரூட் என்று பெயராம். அந்தப் பெயரில் யாரும் சர்வருக்குள் நுழையக் கூடாது என்றுதான் சொன்னாராம். அதை மனிதனுக்குப் புரிகிற மாதிரி சொல்லித் தொலைத்தால் என்ன? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அலறியடித்து மூன்று டிரைவர்களையும் வரச் சொன்னேன். அதற்குள் சித்தேரி வண்டி மட்டும் நேரத்துக்கு வந்து நின்றது. மலையில் டவர் இல்லாததால் பிழைத்த பால் அது. மற்றவை தாமதமாக வந்தன. கம்பைநல்லூர் பாலைக் கொதிக்க வைத்துப் பார்த்தோம். திரிந்தது. ஒரு வண்டிப் பால் சாக்கடைக்குப் போனது.

முதலாளி வந்தார். "எவன்டா வண்டிய நிறுத்துனது?"

நான் குனிந்து ஒரு காலிக் கேனை நகர்த்தினேன்.

"நான்தாங்க" என்றார் ஓசி. "ரூட்ல யாரும் வரக் கூடாதுன்னு நான்தாங்க சொன்னேன்."

சொன்னது அவர்தான், அதில் பொய் இல்லை. நிறுத்தியது நான். முதலாளி வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். தன் மாங்கூழ் ஆலையின் சர்வரையும் இவரிடம் கொடுப்பதாக இருந்தார். அந்த வேலையும் கிடையாது, போ என்றார். 'ஓசியா' என்று கேட்டவனுக்கு அரை மணி நேரம் விளக்கம் சொல்லும் மனிதர், ரூட் என்றால் என்ன என்று ஒரு வரி விளக்கவில்லை.

என் வேலை தப்பியது. அந்தச் சர்வர் இன்றுவரை ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னேன். காசையும் நானே நீட்டினேன். சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். அவர் பென்டிரைவை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டே என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்துக் குடித்தார்.

அவர் குடித்த ஒரே ஓசி டீ. அதை வாங்கிக் கொடுத்தவன் நான்.