எங்கள் லேன் குழிக்கு ஆபிசர் வந்த நாள்

அன்றைக்கு எனக்கு இருந்தது ஒரே வேலை. மாநகர சபையிலிருந்து வரும் ஆபிசருக்கு எங்கள் லேன் வாசலில் இருக்கும் குழியைக் காட்டுவது.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் லேன். கழிவுநீர் ஓடும் கானை மூடியிருந்த சிலாப் உடைந்து நாலு மாதம். அடையாளத்துக்கு என் வீட்டு, கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரையை அதற்குள் நட்டு வைத்திருந்தோம். அப்படியும் நான் இரண்டு தரம் விழுந்தேன். முதல் தரம் வேலைக்குப் போகும்போது. இரண்டாம் தரம், முதல் தரம் எப்படி விழுந்தேன் என்று ஒருவருக்குக் காட்டும்போது.

வீடு வீடாக ஏறிப் பதினேழு கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தேன். ஆபிசர் வருவதாகப் பதில் வந்தது. பெருமை தாங்காமல் லேன் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "நாளை பத்து மணிக்கு ஆபிசர் வருகிறார். அனைவரும் ஒத்துழைக்கவும்."

ஒத்துழைத்தார்கள்.

காலையில் இறங்கி வந்தால் லேன் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. கதிரையைக் காணவில்லை. குழியைக் காணவில்லை. அந்த இடத்தில் பலகை, பலகைமேல் கார்ப்பெட், இரண்டு பக்கமும் பூச்சாடி.

கார்ப்பெட் முன்வீட்டு சிவகுமாரி அக்காவுடையது. "முதல்தரம் ஒரு ஒபிசர் எங்கட லேனுக்கு வாறார். உடைஞ்ச கதிரையையே காட்டுறது?" என்றார்.

பலகை, ஹார்ட்வெயார் கடை ரிஸ்வி நானாவுடையது. வருகிற மனுசன் விழுந்தால் லேனுக்கு மானக்கேடு என்று விளக்கினார். அசையாமல் இருக்க எட்டுக் கொங்கிரீட் ஆணி அடித்திருந்தார்.

கழற்றச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே ஆபிசர் வந்துவிட்டார். நேராகக் கார்ப்பெட்டில் ஏறி நின்று, குழி எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

நீங்கள் அதன்மேல்தான் நிற்கிறீர்கள் என்றேன்.

அவர் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பலகை போதாதென்று அவருக்குப் பட்டுவிடுமோ என்று பயந்த ரிஸ்வி நானா, அதன்மேல் ஏறி மூன்று தரம் குதித்துக் காட்டினார்.

"ஒண்டும் ஆகாது தம்பி, சொல்லுங்க அவருக்கு!"

நான் சொல்லவில்லை. அவருக்கே விளங்கிவிட்டது. எல்லா லேனும் இப்படி ஒற்றுமையாக இருந்தால் தனக்கு வேலையே இருக்காது என்று பாராட்டினார். குடியிருப்பாளர்களே திருத்திவிட்டார்கள் என்று எழுதிக் கோப்பை மூடினார். அக்கா கொடுத்த நெஸ்கஃபேயைக் குடித்துவிட்டுப் போனார்.

பின்னேரம் பலகை கடைக்குத் தேவைப்பட்டது. கார்ப்பெட்டும் வீட்டுக்குப் போனது. கதிரையைத் திரும்ப நடப் போய் மூன்றாம் தரம் விழுந்தேன்.

புது மனு எழுதியாயிற்று. அதே பதினேழு பேரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆபிசர் வரும் நாளை மட்டும் ஒருவருக்கும் சொல்வதாக இல்லை.